கருந்தழலி கொடுக்காத மணி

அந்தக் காலத்தில், கல்லுக்குக் காது இருந்த காலத்தில், காக்கையும் கழுதையும் மனிதரோடு வாய்கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், பறவைநாகங்களும் எல்லோரையும் போலச் செத்துப்போயின. இப்போது பிள்ளைகள் டிராகன் என்கிறார்களே, அவைதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடையை உருட்டி, நீ மந்திரவாதி, நான் வாள்வீரன் என்று கதையாகவே ஆடுகிறார்கள் அல்லவா? அந்த ஆட்டத்தில், வெட்டிச் சாய்த்த டிராகன் வெறும் எலும்பாக மறுபடி எழுந்து நிற்கும். "இதென்ன அநியாயம், செத்தது எப்படி வரும்?" என்று ஆடுகிறவர்களுக்கு ஆத்திரம் வரும். ஆதியில் அது வராது. செத்தால் செத்ததுதான். அதை மாற்றியவள் ஒருத்தி. அவள் பெயர் கருந்தழலி.

கருந்தழலி இருந்தது ஊசிமலையில். வருஷம் முழுக்கப் பனி. புல் முளைத்தால் அதிசயம். ஆனால் அவள் குகைக்குக் கீழே ஒரு சரிவு மட்டும் கதகதவென்று இருக்கும். அங்கே வெப்பாறை என்று ஓர் ஊர். கேழ்வரகு விளையும், அவரை காய்க்கும், கைக்குழந்தையை வெறுந்தரையில் கிடத்தலாம். எல்லாம் கருந்தழலியின் படுக்கையால் வந்தது. காசு, காப்பு, கிண்டி, குத்துவிளக்கு, உடைந்த கிரீடம், வாளின் பிடி எல்லாமே பொன். அவற்றைப் பரப்பி அதன்மேல்தான் படுப்பாள். பறவைநாகம் பொன்மேல் படுப்பது பேராசையால் என்று உலகம் சொல்லும். அப்படியில்லை. கல்மேல் படுத்தால் கல் வயிற்றுச் சூட்டை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. பொன் வாங்கும், தரும். மீந்த சூடு பாறைக்குள் இறங்கி ஊருக்குப் போய்ச்சேரும்.

பொன் ஒரே பக்கமாகக் கிடந்தால் அடிப்பக்கம் குளிர்ந்துபோகும். அதனால் வெப்பாறையிலிருந்து ஒருத்தி தினமும் மேலே வந்து அதைப் புரட்டிவிட வேண்டும். களத்தில் நெல் காயப்போட்டால் காலால் துழாவிக்கொண்டே நடப்பார்களே, அதே நடைதான். கருந்தழலியின் கடைசிக் காலத்தில் அந்த வேலையைச் செய்தவள் சடைச்சி. நரை எட்டிப் பார்க்கிற வயது, தடித்த பாதம், அடங்காத வாய். அவள் பொன்மேட்டின் ஓரத்தையும் சரிவையும் துழாவுவாள். நடுவில் மட்டும் கால் வைக்கமாட்டாள். நடுவில் கருந்தழலியின் பள்ளம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் படுத்ததில் அவள் உடம்பின் அச்சிலேயே விழுந்த பள்ளம். தாடைக்கு ஓர் இடம், இடது இறக்கை மடங்க ஓர் இடம், வால் சுருள ஓர் இடம்.

"நான் இருக்கிற வரைக்கும் இதுக்குள்ள யாரும் கால் வைக்கக்கூடாது" என்று கட்டளை போட்டிருந்தாள்.

அவ்வளவு சூட்டுக்கும் வேர் அவள் தொண்டைக்குள் இருந்த அனல்மணி. உயிருள்ள தொண்டையில் மூச்சுப் பட்டால்தான் அதன் சூடு பரவும்; வெளியே கிடந்தால் தொட்டவரை மட்டும் சுடும். ஒரு வம்சத்துக்கு ஒரே ஒரு மணிதான். அம்மா சாகும்போது அதைத் தன் தொண்டையிலிருந்து எடுத்து மூத்தவளான கருந்தழலிக்குக் கொடுத்தாள். கருந்தழலிக்குப் பிள்ளை இல்லை. ஆகையால் அது இனி தங்கைக்குப் போகவேண்டும். சாகப்போகிறவள் மணியைக் கொடுத்துவிட்டு, "நான் எழுந்தேன், நீ படு" என்று சொல்லிப் படுக்கையை விட்டு இறங்கி, குகைவாசலில் வெறும் பாறையில் போய்ப் படுத்துக் கண்ணை மூடவேண்டும். அதுதான் முறை.

தங்கை பூந்தழலி தென்கடல் தீவிலிருந்து பறந்து வந்தாள். முன்னங்கால்கள் இரண்டிலும் ஒரு முட்டையைத் தாங்கிக்கொண்டு வந்தாள். தவலைப் பானை அளவு இருக்கும்.

"அக்கா! நீ போயிட்டியோன்னு பயந்துகிட்டே வந்தேன்."

"அவசரப்பட்டுட்டியே. இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருக்கலாம்."

பூந்தழலி விழுந்து விழுந்து சிரித்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கருந்தழலி குத்துவதற்காகச் சொல்வது அவளுக்கு விகடமாகத்தான் கேட்கும். அம்மா மான் அடித்துக்கொண்டு வந்தால் ஈரலைத் தங்கைக்குப் போடுவாள். கேட்டால், "நீ பெரியவ, விட்டுக்குடு" என்பாள். ஈரல் போன வழி கருந்தழலிக்கு இன்றும் நினைவிருந்தது. மணியை மட்டும் அம்மா தனக்குக் கொடுத்தாள். அந்த ஒன்றை நினைத்துத்தான் அவள் இவ்வளவு காலம் நிமிர்ந்து படுத்திருந்தாள்.

சின்ன ஆத்தா வந்திருக்கிறாள் என்று ஊரே மேலே ஏறி வந்தது. கொம்பு ஊதுகிற மன்னாடி முன்னால் வந்து ஊதினான். "கொடு, நானும் ஊதிப் பாக்கறேன்" என்று பூந்தழலி மூக்கை நீட்டினாள். அவளுக்குச் சொந்தமாக இருந்தது அடுப்புப் பற்றவைக்கிற அளவு நெருப்புதான். அது கொம்பின் வழியாகப் புறப்பட்டு மன்னாடியின் பாதி மீசையைப் பொசுக்கிவிட்டது. அன்றைக்கெல்லாம் மன்னாடி மீதி மீசையைத் தடவிக்கொண்டு, "சின்னாத்தா கைபட்ட மீசைடா" என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

கருந்தழலி உள்ளே படுத்தபடி அதைக் கேட்டாள். இந்த ஊருக்கு எத்தனை காலம் சூடு கொடுத்திருக்கிறாள். ஒரு பயலாவது அவளால் சுடப்பட்டதைப் பெருமையாகச் சொன்னதுண்டா? பயந்து பயந்து கும்பிட்டதோடு சரி.

மறுநாள் சடைச்சி பொன் துழாவ வந்தபோது, பூந்தழலி பக்கத்தில் படுத்து அவள் நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் வலிக்காதா சடைச்சி?"

"வலிச்சா வலியை யாருகிட்ட சொல்ல? இந்தக் காசுங்ககிட்டயா? அதுங்களே ராசா தலையை முதுகுல சுமந்துகிட்டுக் கிடக்குதுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு சடைச்சி பாட ஆரம்பித்தாள். களத்துப் பாட்டுதான், நெல்லுக்குப் பதில் பொன்னைப் போட்டுக்கொண்டாள். பாடிக்கொண்டே பூந்தழலியின் இறக்கைக்கு அடியில் குந்தி, கடல் உப்புப் படிந்த செதில்களைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டாள். யாரும் கேட்காமலே.

சடைச்சி கிளம்பும்போது கருந்தழலி கூப்பிட்டாள்.

"ஏடி, இத்தனை வருஷமா எனக்கு ஒரு பாட்டு பாடியிருக்கியா?"

"நீ தூங்கிகிட்டு இருப்பியே ஆத்தா."

"கண்ணை மூடியிருப்பேன். தூங்கமாட்டேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? மூடின கண்ணைத் தட்டியா கேக்கமுடியும்?"

"அவ கேட்டாளா?"

"கேக்கல. பாடணும்னு தோணுச்சு, பாடினேன்." சடைச்சி கொஞ்சம் யோசித்தாள். "உனக்கும் பாடட்டா?"

"வேண்டாம்" என்றாள் கருந்தழலி. கேட்டு வாங்கிய பாட்டு அவளுக்கு எதற்கு?

அவளுடைய நாள் நெருங்கியது. செதில்கள் உதிர்ந்தன. மூச்சில் பாதி புகையாகவே வந்தது. பூந்தழலி ஒருநாள் முட்டையைப் பொன்மேட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, மெதுவாகப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இந்த இடது பக்கம் ரொம்பக் குழியா இருக்கே. எனக்கு இறக்கை சின்னதில்லையா? கொஞ்சம் நிரவிடலாம். முட்டைக்கும் நடுவுல இடம் கிடைக்கும்."

"நான் இன்னும் சாகலடி."

"ஐயோ, இப்பவா சொன்னேன்? அப்புறமாத்தான்."

அப்புறமாம். அந்தச் சொல் கருந்தழலியின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் என்று ஒரு காலம் வரும். அதில் தாடைக்கு இருந்த இடம் நிரவப்படும். வேறொருத்தியின் வால் சுருளும். சடைச்சி பாடுவாள். குட்டி பொரிந்து, மன்னாடியின் மிச்ச மீசையையும் பொசுக்கும், ஊர் சிரிக்கும். அந்த அப்புறத்தில் எல்லோரும் இருப்பார்கள், அவளைத் தவிர. அவள் கொடுத்த மணிதான் அத்தனையையும் சூடாக வைத்திருக்கும்.

மணி கைமாற நாள் குறித்தார்கள். முந்தின மாலை சடைச்சி இறங்கிப் போய்விட்டாள். பூந்தழலி முட்டையோடு ஊருக்குள் விருந்துக்குப் போயிருந்தாள். கருந்தழலி தனியாக இருந்தாள். அவள் இருமினாள். மறுபடி இருமினாள். அனல்மணி தொண்டையிலிருந்து உருண்டு நாக்குக்கு வந்தது. அதை அவள் வெளியே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பார்ப்பது அதுதான் முதல் தடவை. நாவல்பழம் போல இருந்தது, உள்ளே தணல்.

குட்டி பொரியக்கூடாது என்று அவள் நினைக்கவில்லை. ஊர் குளிரட்டும் என்றும் நினைக்கவில்லை. அதையெல்லாம் நினைத்தே பார்க்கவில்லை. நினைத்தது ஒன்றுதான். என் தொண்டையில் இருந்தது அவள் தொண்டைக்குப் போகாது.

பள்ளத்தின் நடுவே நகத்தால் தோண்டி, அடிவரைக்கும் தோண்டி, மணியை வைத்து மூடினாள். அங்கே யாரும் கால் வைக்கமாட்டார்கள். பிறகு படுக்கையிலிருந்து ஒரு பெரிய சிவப்புக் கல்லைப் பொறுக்கிக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டாள்.

மறுநாள் ஊர் கூடியது. மன்னாடி கொம்பு ஊதினான். அனல்மணியின் ஒளி கண்ணைக் கெடுத்துவிடும் என்பதால் எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். பூந்தழலியும் கண்ணை மூடி, வாயைத் திறந்து, அக்காவுக்கு முன்னால் குழந்தை மாதிரி நின்றாள். கருந்தழலி கடைசி மூச்சுச் சூட்டில் புரட்டியெடுத்த சிவப்புக் கல்லை அந்த வாய்க்குள் போட்டாள்.

"நான் எழுந்தேன், நீ படு."

"சூடா இருக்கு அக்கா" என்றாள் பூந்தழலி. கண்ணில் நீர் நின்றது.

கருந்தழலி படுக்கையை விட்டு இறங்கினாள். ஊர் விலகி வழிவிட்டது. வாசல் பாறையில் படுத்தாள். பாறை அவள் சூட்டை வாங்கியது, தரவில்லை. அவள் செத்துப்போனாள்.

செத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. இப்படி ஆகும் என்று யாருக்குமே தெரியாது, ஏனென்றால் அதற்கு முன் யாரும் மணியைக் கொடுக்காமல் செத்ததில்லை. கைமாறும்போதுதான் பழைய உயிர் அந்த மணியை விட்டுக் கழன்று போகும். கைமாறாத மணிக்குள் கருந்தழலி அப்படியே இருந்தாள். கண் இல்லை. உடம்பு இல்லை. பொன் வழியாகச் சத்தம் மட்டும் வந்தது. மேலே ஒரு கனம் வந்து அமர்ந்தது.

"அம்மாடி, எவ்வளவு ஆழம்!" என்றது தங்கையின் குரல். "அக்கா எவ்வளவு பெரிய உடம்புக்காரி, பாத்தியா சடைச்சி?"

என் பள்ளம். என் பள்ளத்தில் படுத்திருக்கிறாள். கத்துவதற்குக் கருந்தழலிக்கு வாய் இல்லை.

ஆனால் கொஞ்ச நாளில் வேறொரு சத்தம் வர ஆரம்பித்தது. சுருங்குகிற பொன்னின் சத்தம். படுக்கை ஆறிக்கொண்டிருந்தது. பூந்தழலி இரவும் பகலும் எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தாள், மூச்சைப் பிடித்தாள், தன் அடுப்பு நெருப்பை ஊதி ஊதிப் பார்த்தாள். கீழே கேழ்வரகு பனியில் கருகியது. அவரைக்கொடி துவண்டது. ஊர்க்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"மீசையைப் பொசுக்கத் தெரியுது, ஒரு மலையைச் சூடாக்கத் தெரியலையே" என்றான் மன்னாடி.

"பெரியாத்தா இருந்தப்ப இப்படியா இருந்துச்சு?" என்றாள் ஒருத்தி.

"அவ தெய்வம். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லமாட்டா. ஆனா தரை சுடும்."

கருந்தழலி பொன்னுக்கு அடியில் அதைக் கேட்டாள். ஈரலை விட ருசியாக இருந்தது. இன்னும் சொல்லுங்கள், இன்னும் சொல்லுங்கள் என்று கிடந்தாள். ஊர் குளிரக் குளிர அவள் பெயர் வளர்ந்தது. உயிரோடு இருந்தபோது கிடைக்காததெல்லாம் செத்தபின் கிடைத்தது. தங்கைக்குக் கிடைத்த சிரிப்பு முழுவதும் வட்டியோடு திரும்பி வருவது போல இருந்தது.

பூந்தழலி இப்போது சிரிப்பதில்லை.

"என்கிட்டதான் ஏதோ குறை, சடைச்சி. அக்கா குடுத்த மணி எனக்குள்ள வந்து அவிஞ்சுபோச்சு. நான் அதுக்குத் தகுதியில்லாதவ."

"தகுதி என்ன தகுதி? மணி என்ன உன்னைப் பொண்ணு பாக்கவா வந்துச்சு? தொண்டையில இருந்தா எரியவேண்டியதுதான அதுக்கு வேலை."

"முட்டை அசையறது கொறைஞ்சுபோச்சு."

சடைச்சி குனிந்தாள். முட்டையின்மேல் காதை வைத்தாள். வைத்தபடியே வெகுநேரம் இருந்தாள். எழுந்தபோது சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"எந்திரி ஆத்தா. நடுவுல மட்டும் நான் காலே வச்சதில்லை. அடிப்பக்கம் எத்தனை காலமா புரளாம கெடக்கோ, என்னமோ. அதான் குளிர்ச்சி பிடிச்சிருக்கு. துழாவிப் பாத்துடறேன்."

"அக்கா நடுவுல கால் வைக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாளே?"

"நான் இருக்கிற வரைக்கும்னுதான் சொன்னா. இப்பத்தான் அவ இல்லையே."

கருந்தழலி இதை நினைக்கவில்லை. ஆயுசு முழுக்க அந்தக் கால்கள் தன் படுக்கையைப் புரட்டுவதைப் பார்த்திருக்கிறாள். அடியில் இருப்பதை மேலே கொண்டுவருவதுதான் அந்த நடையின் வேலையே. தன் கட்டளை தன்னோடு செத்துப்போகும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. செத்தபிறகும் எல்லாம் தன்னுடையதாகவே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு செத்தவள் அவள்.

பாதம் நெருங்கியது. காசுகள் சரிந்தன, கிண்டி உருண்டது, கிரீடம் குப்புற விழுந்தது. மறுபடி நெருங்கியது.

"ஆ!" சடைச்சி ஒற்றைக் காலில் குதித்தாள். "சுடுது ஆத்தா! என்னமோ சுடுது!"

முந்தானையைச் சுருட்டிப் பிடித்து அதை வெளியே எடுத்தாள். குகை முழுக்கச் சிவந்தது. இரண்டு பேரும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டார்கள்.

பூந்தழலி மெதுவாக இருமி, தன் தொண்டையிலிருந்ததைத் தரையில் துப்பினாள். சாதாரணச் சிவப்புக் கல், டங்கென்று விழுந்தது.

"கண்ணை மூடச்சொல்லி இதையா என் வாயில போட்டா?" என்றாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "என் அக்காவா?"

"முதல்ல இதை முழுங்கு. திட்டறதை அப்புறம் திட்டலாம். முட்டையைப் பாரு."

பூந்தழலி வாயைத் திறந்தாள். சடைச்சி மணியை நீட்டினாள்.

அப்போது மணிக்குள் இருந்த கருந்தழலி கத்தினாள். வாய் இல்லாமல், மூச்சு இல்லாமல், பொறாமை ஒன்றாலேயே கத்தினாள். அது என்னோடது! அந்தக் கத்தல் போய் வாசல் பாறையில் கிடந்த எலும்புகளை எழுப்பியது. காற்றும் கழுகும் சதையைத் தின்று தீர்த்திருந்தன. வெளுத்த எலும்புகள் ஒன்றையொன்று தேடிக் கோத்துக்கொண்டன. வால் எலும்பு தட்டியது. இறக்கைகள் தோல் இல்லாத குடை போல விரிந்தன. மண்டை ஓடு உள்ளே திரும்பியது. நடந்து வந்தது. வந்து, சடைச்சியின் கையிலிருந்து மணியைப் பற்களால் பறித்து விழுங்கியது.

விழுங்க அங்கே தொண்டை இல்லை. மணி தாடைக்குள் புகுந்து விலா எலும்புகளுக்கு நடுவே தட்டித் தட்டி இறங்கித் தரையில் விழுந்து உருண்டது. குனிந்து எடுத்து மறுபடி விழுங்கினாள். மறுபடி விழுந்தது. மறுபடி.

சடைச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் அளவு மீறினால் வருகிற சிரிப்பு. சேலைத்தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். ஆனால் கருந்தழலிக்குக் கேட்டுவிட்டது. இத்தனை வருஷத்தில் சடைச்சி அவளைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கருந்தழலி மணியை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றாள் பூந்தழலி. "கேட்டிருந்தா நான் வாசல்லயே படுத்திருப்பேனே. உன் பள்ளத்தை நிரவலாம்னு சொன்னது தப்புதான். வாய்ல வந்தது, சொல்லிட்டேன். அதுக்கு இதுவா?"

"நீ எப்பவுமே வாய்ல வந்ததைச் சொல்வ. எல்லாருக்கும் அது பிடிக்கும்." எலும்பிலிருந்து வந்த குரலில் காற்று விசிலடித்தது.

"நான் ஊர்முன்னால தலைகுனிஞ்சு நின்னேன் அக்கா. என் உடம்பையே நான் சந்தேகப்பட்டேன். நீ அடியில கெடந்து கேட்டுகிட்டா இருந்த?"

கருந்தழலி மண்டை ஓட்டை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பூந்தழலியின் செதில்கள் சிலிர்த்தன. அடிக்கப் போகிறாள் என்றுதான் சடைச்சி நினைத்துச் சுவரோடு ஒட்டினாள். ஆனால் பூந்தழலி முட்டையைப் பார்த்தாள். பார்த்ததும் தலை இறங்கியது.

"சரி. படுக்கை உன்னோடது. பள்ளம் உன்னோடது. மலையும் நீயே வச்சுக்க. முட்டை பொரியற வரைக்கும் மணியை மட்டும் குடு. பொரிஞ்சதும் உன் காலடியில கொண்டுவந்து துப்பிடறேன். நீ பெரியவ அக்கா, விட்டுக்குடு."

அம்மாவின் அதே சொல்லை அவள் தெரிந்து சொல்லவில்லை.

ஆனாலும் கருந்தழலியின் நகம் கொஞ்சம் தளர்ந்தது. கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கொடுத்தால் போதும், இந்தக் கிடப்பு தீரும், காற்றோடு போய்விடலாம். முட்டைக்குள் ஏதோ லேசாகத் தட்டியது. சடைச்சி ஓடிப்போய் முட்டையைக் கட்டிக்கொண்டு கன்னத்தை அதன்மேல் வைத்தாள். "இருக்கு, இருக்கு, என் ராசாத்தி உள்ள இருக்கு!" என்று கொஞ்சினாள்.

இன்னும் பிறக்கவே இல்லை. அதற்குள் ராசாத்தி.

நகம் இறுகியது.

"தரமாட்டேன்" என்றாள் கருந்தழலி.

சடைச்சி நிமிர்ந்து அந்த மண்டை ஓட்டைப் பார்த்தாள். பிறகு பூந்தழலியின் பக்கம் திரும்பினாள்.

"எந்திரி ஆத்தா. இவகிட்ட நின்னு கெஞ்சினா முட்டை கூழாயிடும். அடிவாரத்துல என் தங்கச்சி வீடு இருக்கு. கொல்லையில பெரிய எருக்குழி. மாட்டுச் சாணியும் வைக்கோலும் மக்கிக் கெடக்கு. மார்கழியில கூடக் கையை விட்டா சுடும். அதுல வச்சு மூடுவோம்."

"எருக்குழியிலயா?" என்றாள் பூந்தழலி.

"பொன்னுல பொரிஞ்சாத்தான் குட்டியா? சூடு எங்க இருந்து வந்தா அதுக்கென்ன. நாத்தம் கொஞ்சம் இருக்கும். நீ மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்க."

வெகுநாளுக்குப் பிறகு பூந்தழலி சிரித்தாள், அழுதுகொண்டே.

ஊருக்கும் அங்கே இனி வேலை இல்லை. பயிர் போய்விட்டது, தரை குளிர்ந்துவிட்டது. சட்டி பானையைக் கட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். முட்டையைக் கம்பளியில் சுற்றி, வைக்கோல் திணித்த கூடையில் வைத்து, ஆள் மாற்றி ஆள் சுமந்தார்கள். பறந்தால் குளிர்காற்று அடிக்கும் என்று பூந்தழலி அவர்களோடு நடந்தே இறங்கினாள். மன்னாடி வெட்கத்தோடு அவள் பக்கத்தில் வந்து, மிச்ச மீசையைக் காட்டி, "வேணும்னா இதையும் பொசுக்கிக்க சின்னாத்தா, நான் பேசினதுக்கு" என்றான்.

கருந்தழலி மேலே இருந்து அவர்கள் போவதைப் பார்த்தாள். பிறகு மணியைப் பள்ளத்தின் அடியில் புதைத்தாள். அதைத் தனக்குள் வைத்துக்கொள்ள அவளிடம் உள் என்று ஒன்று இல்லை. பொன்மேல் படுத்தாள். தாடைக்கு இருந்த இடத்தில் தாடை கிடந்து ஆடியது. விலா எலும்புக்கு நடுவில் காசு புகுந்து மறுபக்கம் விழுந்தது. பள்ளம் இருந்தது, அதை நிரப்ப உடம்பு இல்லை. பொன் சில்லென்று இருந்தது. அவளிடம் வாங்கிக்கொள்ள எதுவும் இல்லாததால், திருப்பித் தரவும் எதுவும் இல்லை. ஊதிப் பார்த்தாள். நெருப்பு வரவில்லை, உறைபனிதான் வந்தது. எங்கோ அடிவாரத்தில், மாட்டுச் சாணியும் மக்கின வைக்கோலுமாக நாறுகிற ஒரு குழியை நினைத்து, பொன் மலைமேல் படுத்துக்கொண்டு அவள் பொறாமைப்பட்டாள்.

வாசலில் நிழலாடியது. ஊரில் கடைசி ஆளாகச் சடைச்சி நின்றாள். மறந்துவிட்டுப்போன தண்ணீர்ச் செம்பை எடுக்க வந்திருந்தாள்.

"சடைச்சி," என்றாள் கருந்தழலி. "நாளைக்கு வருவியா? பொன்னைத் துழாவணுமே."

சடைச்சி செம்பைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைக் கொட்டினாள்.

"சூடு இருந்தாத்தான ஆத்தா துழாவணும்."

அன்று முதல்தான் மணியை விடாத பறவைநாகம் செத்தும் சாகாமல் எலும்பாக எழுந்து வருகிறது. அன்று முதல்தான் அதன் உயிர் அதன் உடம்பில் இல்லாமல் வேறெங்கோ ஒரு கல்லில் ஒளிந்திருக்கிறது. எலும்பை எத்தனை தடவை நொறுக்கினாலும் சரி, கல்லை உடைக்காதவரை, பக்கத்தில் செத்துக்கிடக்கிற உடும்பின் எலும்பிலாவது புகுந்து, "அது என்னோடது" என்று மறுபடி வந்து நிற்கிறது. பகடை உருட்டுகிறவர்கள் பொன்னுக்காக அதன் குகைக்குள் நுழையும்போது, அது ஆறிப்போன படுக்கையைக் காத்துக்கொண்டு படுத்திருக்கிறது.

சடைச்சிக்கு இதெல்லாம் தெரியாது. முட்டை எவ்வளவு தூரம் போயிருக்குமோ என்ற கவலைதான் அவளுக்கு. செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, பனி வழுக்காத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து, கீழே இறங்கி நடந்தாள்.